மீன் தொட்டியில் பிடிவாதப் பாசியா?

ஹாலில் ஒரு மீன் தொட்டி இருந்தால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, புத்தகப் பையைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் எதிரில்தான் போய் நிற்கும். வேலை முடிந்து அலுத்து வரும் பெரியவர்களுக்கும் பத்து நிமிஷம் அதைப் பார்த்தால் மனசு லேசாகிவிடும். முன்பெல்லாம் நாலு கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி, இவ்வளவுதான் தொட்டிக்குள் இருக்கும். இப்போது நிஜச் செடிகளை நட்டு, குட்டித் தோட்டம் மாதிரி வைக்கிற ஆசை பலருக்கு வந்திருக்கிறது. சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மீனோடு செடியும் அங்கேயே கிடைத்துவிடும்.

வாங்கி வைத்த முதல் மாதம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அப்புறம் மெல்ல ஆரம்பிக்கும் தொல்லை. கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள், செடியின் இலை நுனியில் கறுப்பு மயிர், மணல் மேல் வழவழவென்று ஒரு படலம். சனிக்கிழமை தேய்த்துக் கழுவினால் அடுத்த சனிக்கிழமைக்குள் மறுபடியும் வந்து நிற்கும். "என்னத்தைத் தேய்ச்சும் போக மாட்டேங்குதே" என்று அலுத்துக்கொண்டு, தொட்டியையே மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்ட வீடுகள் எத்தனையோ!

சகோதரிகளே, ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறைந்துவிடும். பாசி என்பது அழுக்கு இல்லை. அதுவும் ஒரு தாவரம் மாதிரிதான். வெளிச்சமும் உணவும் மீந்து கிடக்கிற இடத்தில் வளரும். நாம் தேய்க்கும்போது வளர்ந்ததை எடுக்கிறோமே தவிர, வளர வைக்கிற காரணம் தொட்டிக்குள் அப்படியே இருக்கிறது. காரணத்தைச் சரி செய்துவிட்டுத் தேய்த்தால், அது திரும்பி வராது.

பாசி ஏன் வருகிறது?

மூன்றே காரணங்கள்தான். வெளிச்சம் அதிகம், சாப்பாடு அதிகம், செடி குறைவு.

முதலில் வெளிச்சம். ஜன்னல் ஓரத்தில் தொட்டியை வைத்துவிட்டு, அதற்கு மேல் எல்.இ.டி. விளக்கையும் போடுகிறோம். பல வீடுகளில் அதையே ராத்திரி விளக்காகவும் எரிய விடுகிறார்கள். செடிக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேர வெளிச்சம் போதும். அதற்கு மேல் போவதெல்லாம் பாசிக்குத்தான் லாபம்.

இரண்டாவது சாப்பாடு. தாத்தா காலையில் ஒரு சிட்டிகை, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு சிட்டிகை, சாயங்காலம் விருந்தாளி வந்தால் அவர்கள் கையால் ஒரு சிட்டிகை. மீன் தின்னாத தீனி அழுகுகிறது, தின்றது கழிவாகிறது. இரண்டிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. தொட்டியில் இருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உரம். செடி எடுத்துக்கொள்ளாவிட்டால், பாசி வரவேற்று வாங்கிக்கொள்கிறது.

மூன்றாவது செடி. நாலு செடி நட்டுவிட்டு, அதுவும் மஞ்சளித்துப் போய் வளராமல் நின்றால் தொட்டியில் உரத்துக்கும் வெளிச்சத்துக்கும் போட்டியே இல்லை. நன்றாக வளரும் செடியின் இலையில் பாசி சுலபத்தில் ஒட்டாது. நோஞ்சான் செடியின் பழைய இலையில்தான் முதலில் வந்து உட்காரும். அதனால் பாசியை விரட்டுவது என்றால், முக்கால்வாசி, செடியைத் தேற்றுவதுதான்.

முதலில் எந்தப் பாசி என்று பாருங்கள்

எல்லாப் பாசிக்கும் ஒரே மருந்து கிடையாது. கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

1. பழுப்புப் படலம்: தொட்டி வைத்த முதல் ஓரிரு மாதங்களில் வரும். விரல் பட்டாலே மாவு மாதிரி உதிரும். இதற்குப் பெயர் டயாட்டம். துணியால் துடைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் தொட்டி நிலைக்கு வந்ததும் தானாகவே போய்விடும்.

2. பச்சைத் தண்ணீர்: தண்ணீரே பட்டாணி வேகவைத்த சாறு மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீரை மாற்றினால் இரண்டு நாள் தெளிந்து, மூன்றாம் நாள் மறுபடியும் பச்சையாகும். கீழே சொல்லியிருக்கும் இருட்டு வைத்தியம்தான் இதற்குச் சரி.

3. பச்சைப் புள்ளி: கண்ணாடியில் கெட்டியாக ஒட்டியிருக்கும், ஸ்பாஞ்சுக்கு மசியாது. கண்ணாடித் தொட்டியானால் பழைய பிளேடால் சுரண்டலாம். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு பட்டால் கோடு விழும். காலாவதியான ஏ.டி.எம். அட்டை போதும்.

4. நூல் பாசி: பச்சை நூல்கண்டு மாதிரி செடியைச் சுற்றிக்கொள்ளும். பழைய பல் தேய்க்கும் ப்ரஷ்ஷை உள்ளே விட்டு, இடியாப்பத்தைக் குச்சியில் சுற்றுவது போலச் சுற்றி இழுத்தால் கொத்தாக வந்துவிடும்.

5. கறுப்புத் தாடிப் பாசி: பிடிவாதத்தில் இதுதான் ராஜா. இலை ஓரம், ஃபில்டர் குழாய், மரக்கட்டை எல்லாவற்றிலும் கறுப்புக் குச்சம் மாதிரி நிற்கும். இழுத்தாலும் வராது. பார்க்கத்தான் கறுப்பு, உண்மையில் இது சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது. ஒரு துளியைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் போட்டுப் பாருங்கள், செந்நிறமாக மாறும்.

6. நீலப்பச்சைப் படலம்: மணலையும் செடியையும் போர்வை மாதிரி மூடும். எடுத்தால் தோல் உரிவது போல வரும், ஒரு மாதிரி மண் நாற்றம் அடிக்கும். எல்லாரும் பாசி என்று சொன்னாலும் இது பாக்டீரியா வகை. இதற்காக ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடி செய்து போடச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். தொட்டியின் நல்ல பாக்டீரியாக்களும் அதில் பாதிக்கப்படலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதிலும் கொண்டுபோய் விடும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு இருட்டு வைத்தியம் செய்தால் போதும்.

அடுத்த வீட்டில் நடந்தது

எங்கள் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன். பொங்கல் காசு, பிறந்த நாள் காசு எல்லாம் சேர்த்து இரண்டடி நீளத் தொட்டி வாங்கினான். கப்பி, நியான் டெட்ரா என்று பதினான்கு மீன்கள். இரண்டு மாதத்தில் நூல் பாசியும் கறுப்புத் தாடியும் சேர்ந்து செடியே தெரியாமல் மூடிவிட்டன. பாட்டி, "எல்லாத்தையும் கொட்டிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுடா" என்றார். அவன் அப்பா எங்கிருந்தோ ஒரு பாசி மருந்து வாங்கி வந்து, 'சீக்கிரம் போகட்டும்' என்று இரண்டு மடங்காக ஊற்றிவிட்டார். அது மே மாதம்.

பாசி செத்தது. மறுநாள் காலையில் ஆறு மீன்களும் மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பையன் அழுதுகொண்டே என்னைக் கூப்பிட ஓடி வந்தான். "அத்தை, மருந்துதான் கொன்னுடுச்சா?" என்று கேட்டான்.

மருந்து பாதி, மூச்சு பாதி என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு பாசியும் ஒரே நாளில் செத்து அழுகும்போது, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்கிறது. நம் ஊர்க் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ராத்திரியில் செடியும் ஆக்சிஜன் விடாது, அதுவும் மூச்சு வாங்கும். விடியற்காலையில்தான் நிலைமை மோசமாகும். மீன்கள் காலையில் மிதப்பதற்குக் காரணம் அதுதான்.

உடனே பாதித் தண்ணீரை மாற்றினோம். காற்று மோட்டாரை முழு வேகத்தில் வைத்தோம். மீதி எட்டும் பிழைத்தன. பிறகு மருந்தைத் தொடாமல், நிதானமாக ஆறு வாரம் வேலை செய்தோம். வாசகிகள் எல்லாருக்கும் உபயோகப்படட்டும் என்று அந்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

ஆறு வாரத் திட்டம்

*முதல் வாரம்: கையால் எடுப்பது.* ப்ளக்கை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பாசி மூடிய பழைய இலைகளைத் தயங்காமல் காம்போடு வெட்டிவிடுங்கள். கெட்டுப்போன இலை தேறாது, துளிர்தான் தேறும். நூல் பாசியை ப்ரஷ்ஷால் சுற்றி எடுங்கள். கண்ணாடியைச் சுரண்டுங்கள். பிறகு, ரப்பர் குழாயால் மணல் மேல் இருக்கும் கசடை உறிஞ்சியபடியே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றுங்கள். முதலில் தேய்த்து, பிறகு தண்ணீர் மாற்றினால்தான் உதிர்ந்த பாசியும் கூடவே போகும். எடுத்த தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், அதற்கு நல்ல உரம்.

கற்களையும் கட்டையையும் வெளியே எடுத்து, வெறும் தண்ணீரில் ப்ரஷ்ஷால் தேய்த்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப் போட்டால் அதில் இருக்கும் பாசி உதிர்ந்துவிடும். சோப்பும் பாத்திரப் பவுடரும் தொட்டிச் சாமான் பக்கமே வரக் கூடாது.

*வெளிச்சத்துக்குக் கணக்கு.* முதல் இரண்டு வாரம் விளக்கு ஆறு மணி நேரம் மட்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டு ராத்திரி பத்துக்கு அணைத்தால், வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரம் பார்க்கவும் அழகாக இருக்கும். ப்ளக்கில் மாட்டுகிற டைமர் கடையில் கிடைக்கிறது. மறதிக்கு அதுதான் மருந்து. ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் தொட்டியை நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால், வெயில் படும் பக்கத்துக் கண்ணாடியில் வெளிப்புறமாகக் கெட்டி அட்டையை ஒட்டுங்கள். செடி துளிர்த்து, பாசி அடங்கிய பிறகு மெல்ல ஏழு, எட்டு மணி வரை போகலாம்.

*தீனிக்குக் கட்டுப்பாடு.* ஒரு நாளைக்கு ஒரு தடவை. இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். அடியில் விழுந்து கிடந்தால் போட்டது அதிகம் என்று அர்த்தம். வாரத்தில் ஒரு நாள் மீனுக்கு விரதம் வையுங்கள், ஒன்றும் ஆகாது. 'தீனி போடுவது இவர் பொறுப்பு' என்று வீட்டில் ஒரே ஒருவருக்குக் கொடுத்துவிடுவது ரொம்ப முக்கியம். பிரெட் துண்டும் சோற்றுப் பருக்கையும் போடவே கூடாது.

*இரண்டாம் வாரம் முதல்: செடியைக் கூட்டுவது.* விலை குறைந்த, வேகமாக வளரும் செடிகளை நிறையப் போடுங்கள். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, ஹார்ன்வொர்ட் மூன்றுமே நம் ஊர் வெப்பத்தைத் தாங்கி வளரும். அழகுக்கு வைக்கும் அனுபியாஸ் மாதிரியான செடிகள் மெதுவாக வளர்கிறவை. அவற்றை மட்டும் வைத்தால் பாசியோடு போட்டி போட முடியாது.

நம் வீட்டில் இருக்கும் மணி பிளான்ட்டும் இதற்கு உதவும். ஒரு கொடியின் வேர்ப் பகுதியை மட்டும் தண்ணீரில் தொங்க விட்டு, இலைகள் வெளியே இருக்கும்படி தொட்டி ஓரத்தில் செருகுங்கள். காற்றில் இருக்கும் இலை வேகமாக வளரும், அதற்காக வேர் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும். செலவில்லாத வைத்தியம்!

'உரம் போட்டால் பாசிதானே வரும்?' என்று பயந்து செடியைப் பட்டினி போட வேண்டாம். தொட்டிச் செடிக்கென்று விற்கும் திரவ உரத்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதியில் ஆரம்பியுங்கள். மாடித் தோட்டத்து யூரியாவையும் டி.ஏ.பி.யையும் மட்டும் நினைத்தே பார்க்காதீர்கள். யூரியா தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். மீனுக்கு அது விஷம்.

*வாரா வாரம் தண்ணீர்.* வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும். மொத்தமாகக் கொட்டி நிரப்பினால் மீனும் செடியும் அதிர்ந்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை இருந்தால், அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு விடுங்கள். அவசரம் என்றால் மீன் கடையில் குளோரின் நீக்கி சொட்டு மருந்து கிடைக்கும். திறந்து வைத்த பக்கெட்டை மெல்லிய துணியால் கட்டி மூடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரி சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும்.

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் நல்ல பாக்டீரியாக்கள் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து மாட்டினால் போதும்.

இருட்டு வைத்தியம்

பச்சைத் தண்ணீருக்கும் நீலப்பச்சைப் படலத்துக்கும் இது கைகண்டது. முதலில் கையால் எடுக்க முடிந்ததை எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். விளக்கை அணைத்து, கறுப்புக் குப்பைக் கவரையோ கனமான போர்வையையோ சுற்றி ஒரு கீற்று வெளிச்சம்கூடப் புகாமல் மூடுங்கள். மேலே மட்டும் காற்று போக வழி இருக்கட்டும். மூன்று முழு நாட்கள். தீனி வேண்டாம், ஆரோக்கியமான பெரிய மீன் மூன்று நாள் தாங்கும். எட்டிப் பார்க்கவும் வேண்டாம். காற்று மோட்டார் மட்டும் இடைவிடாமல் ஓட வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் இடமானால் பாட்டரியில் ஓடும் மோட்டாரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் திறந்து, செத்த பாசியை உறிஞ்சி எடுத்து, மறுபடியும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். செடிகள் கொஞ்சம் வெளுத்திருக்கும், ஒரு வாரத்தில் தேறிவிடும். குட்டி மீன்கள் இருக்கும் தொட்டியில் இதைச் செய்ய வேண்டாம்.

கறுப்புத் தாடிக்கு

வெட்ட முடிகிற இலையை வெட்டிவிடுவதுதான் முதல் வைத்தியம். கட்டையிலும் குழாயிலும் ஒட்டியிருப்பதற்கு மருந்துக் கடையில் காயத்துக்குப் போட விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். ஆனால் அளவு தப்பக் கூடாது.

தொட்டியில் எத்தனை லிட்டர் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். மணல், கல் போக சுமார் 45 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும்.

3 சதவிகிதக் கரைசலானால் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி, அதற்கு மேல் வேண்டாம். 45 லிட்டருக்குப் பத்து மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். நம் மருந்துக் கடைகளில் 6 சதவிகிதமாகவும் கிடைக்கிறது, லேபிளில் '20 வால்யூம்' என்றுகூடப் போட்டிருக்கும். அது இரட்டிப்பு பலம், அளவைப் பாதியாக்க வேண்டும். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பாசியின் மேலேயே மெல்லப் பீய்ச்சுங்கள். நுரை மாதிரி குமிழி வரும். பத்து நிமிஷம் கழித்து ஃபில்டரை ஓட விட்டு, ஒரு மணி நேரத்தில் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு, இளஞ்சிவப்பாகிப் பிறகு வெளுத்து உதிரும். ஒரு தடவைக்கு ஒரு மூலை மட்டும். அடுத்த மூலைக்கு நாலு நாள் கழித்துத்தான். இறாலும் பாசிச் செடி என்கிற மாஸ்ஸும் இந்த மருந்தைத் தாங்காது.

'திரவ கார்பன்' என்று கடைகளில் விற்கும் பல மருந்துகளில் இருப்பது குளுடரால்டிஹைடு. ஆஸ்பத்திரிகளில் கருவிகளைச் சுத்தம் செய்யப் பயன்படுகிற அதே சரக்குதான். தாடிப் பாசியைக் கொல்லும் என்பது நிஜம். வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடும். அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாயு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஏறி இறங்கினால்தான் தாடிப் பாசி கொழுக்கும். ஒரே சீராக விடுங்கள்.

பாசி தின்னும் ஜீவன்கள்

'ஒரு சக்கர் மீன் விட்டால் போதும், எல்லாம் தின்றுவிடும்' என்று கடையில் சொல்வார்கள். விரல் நீளத்தில் வாங்குகிற அந்த மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். கழிவும் அதற்குத் தகுந்த மாதிரி! இரண்டடித் தொட்டிக்கு அது லாயக்கில்லை. வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் நம் ஊர் ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொட்டி மீனையும் செடியையும் குளத்திலோ சாக்கடையிலோ விடவே கூடாது.

சின்னத் தொட்டிக்குக் கறுப்பு மோலி நல்லது. மென்மையான பாசியைக் கொறித்துக்கொண்டே இருக்கும். நெரைட் நத்தை கண்ணாடிப் புள்ளிகளைச் சுரண்டித் தின்னும், அதன் முட்டை நல்ல தண்ணீரில் பொரிக்காது என்பதால் பெருகிவிடுமோ என்ற பயம் இல்லை. ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) செடித் தொட்டிகளை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர். பாசி தின்ன அவர் பழக்கப்படுத்திய சின்ன இறாலை இன்று அவர் பெயராலேயே 'அமானோ இறால்' என்கிறார்கள். நூல் பாசியை நன்றாகத் தின்னும். ஆனால் கோடையில் தண்ணீர் ரொம்பச் சூடாகும் வீடுகளில் தங்குவது கஷ்டம்.

எதை விட்டாலும் அது உதவியாள்தான். வெளிச்சத்தையும் தீனியையும் நாம்தான் குறைக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

* மயில்துத்தம் போடாதீர்கள். அதில் இருக்கும் தாமிரம் பாசியைக் கொல்லும், நத்தையையும் இறாலையும் கூடவே கொல்லும். மீனுக்கும் கெடுதல்.
* படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கல் மண்ணைப் படிய வைப்பவை. பாசி வளர்வதை அவை நிறுத்தாது. படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கி மீனை வதைக்கும்.
* இரண்டு மருந்துகளை ஒரே நேரத்தில் போடாதீர்கள்.
* பொறுமை இழந்து அளவை இரட்டிப்பாக்காதீர்கள்.

கை பத்திரம், பிள்ளை பத்திரம்

தொட்டிக்குள் கை விடும் முன் விளக்கு, மோட்டார், ஃபில்டர் எல்லாவற்றின் ப்ளக்கையும் எடுத்துவிடுங்கள். ஒயர் வழியாகத் தண்ணீர் ப்ளக்குக்கு வழியாமல், ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறும்படி இருக்க வேண்டும்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் கையுறை போடாமல் தொட்டியில் கை விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று ஒரு கிருமி மீன் தொட்டிகளில் இருக்கக் கூடும். அது காயம் வழியே நுழைந்து, சில வாரங்கள் கழித்து விரலிலோ புறங்கையிலோ சிவந்த கட்டியாக வரும். சாதாரணக் களிம்புக்கு ஆறாது. அப்படி ஆறாத கட்டி ஏதும் வந்தால், டாக்டரிடம் 'வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் அவருக்கு வழி காட்டும்.

குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்க வேண்டாம். தொட்டித் தண்ணீரில் சால்மொனெல்லா கிருமியும் இருக்கலாம். குழாயை முழுக்கத் தண்ணீரில் அமுக்கி நிரப்பி, ஒரு முனையைக் கட்டை விரலால் மூடி, கீழே இறக்கித் திறந்தால் தானாக ஓடும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் பெரியவர், பிள்ளைகள் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வாசகிகள் கேட்கக் கூடியவை

*ஆர்.ஓ. தண்ணீர் விட்டால் பாசி வராதா?* ஆர்.ஓ. தண்ணீரில் செடிக்கும் மீனுக்கும் வேண்டிய தாதுக்கள் ரொம்பக் குறைவு. அதை மட்டும் விடக் கூடாது. ரொம்பக் கடினமான போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். எந்தத் தண்ணீரானாலும் வெளிச்சமும் தீனியும் மீந்தால் பாசி வரும்.

*பாசி துளிகூட இல்லாமல் செய்ய முடியுமா?* முடியாது, வேண்டியதும் இல்லை. பின் கண்ணாடியில் கொஞ்சம் பச்சை இருந்தால் மோலிக்குத் தீனி, நத்தைக்கு விருந்து.

*எத்தனை நாளில் குணம் தெரியும்?* முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரம் செடியில் புதுத் துளிர் வரும். அந்தத் துளிரில் பாசி ஒட்டவில்லை என்றால் வழி சரி. நாலிலிருந்து ஆறு வாரத்தில் பழைய இலையெல்லாம் கழிந்து தொட்டி புதிதாகத் தெரியும்.

சுவரில் ஒட்டி வைக்க

தினமும்: ஒரு தடவை தீனி, ஆறு மணி நேரம் விளக்கு.
வாரம் ஒரு முறை: கண்ணாடி தேய்ப்பு, கெட்ட இலை வெட்டு, கால் பங்கு தண்ணீர்.
மாதம் ஒரு முறை: தொட்டித் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிவது, அடர்ந்த செடியைக் கத்தரித்து நடுவது.
மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால்: உடனே பாதித் தண்ணீர் மாற்றம், காற்று மோட்டார், தீனி நிறுத்தம்.

இந்தத் தாளைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி, பிள்ளையிடமே பேனாவைக் கொடுத்து 'டிக்' போடச் சொல்லுங்கள். ஓர் உயிரை வாங்கி வந்து கண்ணாடிக்குள் வைத்தால், அதன் மூச்சுக்கு நாம் பொறுப்பு என்பது அந்தப் பிள்ளைக்கும் புரியும்.